கல்லுவிளைப் பிள்ளைகள் பார்த்த கடல் மாடன்

பொன்னுலிங்கத்துக்கு வெளிச்சத்தில் பேச்சு வராது. சந்தையில் கத்திரிக்காய் வாங்கப் போனால்கூடக் காயைத் தொட்டுக் காட்டுவாரே தவிர விலை கேட்க மாட்டார். ஆனால் இரணியல் சந்தைக்குக் கிழக்கே நாராயணபெருமாள் போட்டிருந்த பயாஸ்கோப்புக் கொட்டகையில் விளக்கை அணைத்துவிட்டால் போதும், தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு மனிதர் கடலையும் மலையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். படங்கள் எல்லாம் ஊமை. அதில் வரும் வெள்ளைக்காரர்கள் வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைத் திரைக்குப் பக்கத்தில் நின்று ஊருக்குச் சொல்வது பொன்னுலிங்கத்தின் வேலை. நடுநடுவே திரையில் இங்கிலீஷ் எழுத்து வரும். அது அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து வரும்போது தண்ணீர் குடித்துக்கொள்வார்.

அதற்கு முன்னால் அவர் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் இருந்தார். அங்கே அவர் பாடவில்லை, குடமும் அடிக்கவில்லை. ஆமா போட்டார். புலவர் "காடு கலங்கிச்சு" என்பார். இவர் "ஆமா" என்பார். புலவர் "கடலு வத்திச்சு" என்பார். அதற்கும் "ஆமா"தான். அப்படியே வருஷக்கணக்காகப் போட்டதில் நாக்கு அதற்குப் பழகிவிட்டது. அவர் வாயிலிருந்து "இல்லை" என்ற சொல் வந்து கேட்டவர்கள் யாரும் இல்லை. மனைவி நாகம்மை "உங்களுக்கு மண்டையில ஒண்ணுமே கெடையாதா?" என்று கேட்டாலும் "ஆமா" என்றுதான் பதில் வரும். அவளும் அதற்குமேல் என்னத்தைச் சண்டை போடுவாள்?

இப்படி இருக்கையில் ஆறு சுருள் கொண்ட ஒரு மாயப் படம் தகரப் பெட்டியில் வந்து இறங்கியது. ஒரு வியாபாரியின் மகன் கப்பல் உடைந்து கரை ஒதுங்குகிறான். கரையில் ஒரு பெரிய ஜாடி. அதைத் திறந்தால் பனை உயரத்துக்கு ஒருவன் எழுந்து நிற்கிறான். அப்புறம் பறக்கிறான், மதிலைப் பெயர்க்கிறான், பட்டாளத்தை ஊதித் தள்ளுகிறான். பிள்ளைகளுக்கென்றே எடுத்த படம் என்று பெட்டியோடு வந்த ஆள் சொன்னான். நாராயணபெருமாளும் பிள்ளைகளுக்கென்று சனிக்கிழமை சாயங்காலம் தனியாக ஒரு காட்சி போடுவதாகச் சந்தையில் தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக் கல்லுவிளையின் கிறிஸ்தவச் சபையில் ஆராதனை முடிந்ததும், வேதம் போதிக்கும் உபதேசியார் ஜெபதாஸ் எழுந்து நின்றார். மாயப் படத்தை மூன்று பேர் கொண்ட கமிட்டி சோதித்துத் தகுதி சொல்லும்வரை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரும் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது என்று அறிவித்தார்.

கொட்டகைக்கு வருகிற கூட்டத்தில் முக்கால்வாசி கல்லுவிளைக்காரர்கள்தான். செய்தி கேட்ட நாராயணபெருமாள் பொன்னுலிங்கத்தைக் கூப்பிட்டு விட்டார்.

"வேய், பிள்ளை வந்தாத்தான் தாய் வருவா. தாய் வந்தாத்தான் தகப்பன் வருவான். அவ்விய வராட்டா உமக்கும் எனக்கும் கொசுவுக்கும்தான் படம். கமிட்டி வேண்டாம்னு சொல்லிச்சுன்னா கொட்டகையைப் பிரிச்சுக் கொளச்சலுக்குக் கொண்டு போவேன். அங்க நம்ம மச்சினன் குமாரதாஸ் சும்மா இருக்கான். இங்கிலீஷ் படிச்சவன். கொழலை அவன் கையில குடுத்துருவேன். பொறவு எங்கிட்ட வந்து நிக்கப்பிடாது. வெளங்கிச்சா?"

"ஆமா" என்றார் பொன்னுலிங்கம்.

கமிட்டியார் கொட்டகைக்கு வந்து படத்தைப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கலாமே என்று நாராயணபெருமாள் சொல்லி அனுப்பினார். தீர்மானிக்காமல் எப்படிப் பார்ப்பது என்று உபதேசியார் திருப்பிச் சொல்லி அனுப்பினார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. முடிவில், படம் வர வேண்டாம், படத்துக்குக் கதை சொல்கிறவர் வந்து சொன்னால் போதும் என்று ஆயிற்று. படம் எப்படியும் ஊமைதானே. குற்றம் இருந்தால் சொல்லில்தான் இருக்க முடியும் என்பது கமிட்டியின் எண்ணம்.

கமிட்டியில் உபதேசியார் ஒருவர். ஒல்லியான மனிதர். சபைப் பெண்கள் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து ஞாயிற்றுக்கிழமை முடிந்துகொண்டு வந்து சபைப் பெட்டியில் கொட்டுவார்கள். பிடியரிசி என்று அதற்குப் பேர். உபதேசியார் வீட்டில் உலை கொதிப்பது அதை நம்பித்தான். இரண்டாவது ஆள் சபைக் கணக்குவழக்கைப் பார்த்துக்கொள்ளும் டீக்கனார் ராஜையன். கருப்பட்டி வியாபாரம். ஆள் வாசலில் நின்றால் அறைக்குள் இருட்டும். பெரிய மீசை. மூன்றாவது சத்தியபாய் அம்மாள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது அவளுக்கு வேலை. வெயிலிலும் தூசியிலும் நடந்து நடந்து யாருடைய பேச்சையும் லேசில் நம்பாத ஒரு பார்வை அவளுக்கு வந்திருந்தது.

சபைக் கட்டடத்தின் பின் அறையில் நடுப்பகலில் கமிட்டி கூடியது. உபதேசியார் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். பிறகு "சொல்லும்" என்றார்.

பொன்னுலிங்கம் வாயைத் திறந்தார். மூடினார். ஜன்னல் வழியாக வெயில் வந்து அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"என்ன வேய், கதை மறந்து போச்சா?" என்றார் டீக்கனார்.

"ஆமா."

"அவருக்கு வெளிச்சம் ஆகாது" என்றாள் சத்தியபாய். "அவரு பொண்டாட்டி நாகம்மை சொல்லியிருக்கா. ஜன்னலைச் சாத்துங்கோ."

ஜன்னலைச் சாத்தினார்கள். கதவைச் சாத்தினார்கள். கதவிடுக்கில் டீக்கனாரின் துண்டைச் செருகினார்கள். அறை நன்றாக இருண்டதும் மூலையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. அது அவர்களுக்குத் தெரிந்த பொன்னுலிங்கத்தின் குரலாக இல்லை. கப்பல் உடைந்தது. அலை எழும்பியது. ஜாடி திறந்தது. டீக்கனார் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"நில்லும்" என்றாள் சத்தியபாய். "அந்தப் பெரிய ஆளு ஆரு?"

"கடல் மாடன்."

மூன்று பேரும் இருட்டில் ஒருவரை ஒருவர் பார்க்க முயன்றார்கள்.

"மாடனா?" என்றார் உபதேசியார்.

"எங்க வீட்டுக்குப் பொறத்தால உள்ள மாடன் வேற. இது வேற. நானே வச்ச பேரு." வீட்டுக்குப் பின்னால் பீடத்தில் வைத்துக் கும்பிடும் மாடசாமி கோபித்துக்கொள்ளக் கூடாதென்று கடலில் உள்ள ஒரு மாடனைப் புதிதாகப் படைத்திருந்தார் பொன்னுலிங்கம். இவ்வளவையும் இருட்டு கொடுத்த தைரியத்தில்தான் சொன்னார்.

"பாருங்கோ," என்றாள் சத்தியபாய், "அதிசயம் நடக்கதுல எனக்கு ஒண்ணுமில்ல. அதிசயம் இல்லாம பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்லுது? ஆரு செஞ்சான்னுதான் கேள்வி. மாடன் செஞ்சான்னா பிள்ளையளு மாடன்கிட்டப் போவும். அதுக்கா நான் காலு தேய நடக்கேன்?"

உபதேசியார் கொஞ்ச நேரம் யோசித்தார். "மாடனை எடுத்துப் போட்டுத் தேவதூதனை வையும்."

"ஆமா."

"செறகு உண்டுமா?"

பொன்னுலிங்கமும் யோசித்தார். "குடுமி உண்டு."

"குடுமியா?"

"உச்சியில மட்டும்."

"அது கெடக்கட்டும். பறக்க வேகத்துல செறகு கண்ணுக்குத் தெரியாதுன்னு சொல்லும்."

"ஆமா."

டீக்கனார் தொண்டையைச் செருமினார். "வியாபாரி மகன்னு சொன்னீரே. என்ன வியாபாரம்? கருப்பட்டியா?"

"ஆமா."

"கப்பல்ல ஏத்தினா கருப்பட்டி வேர்த்து இளகிப் போவுமே."

"ஆமா."

"ஓலையில பொதிஞ்சு ஏத்தினான்னு சொல்லும். பிள்ளையளு ஒண்ணு படிக்கும்."

பிறகு ராஜகுமாரி மாடத்தில் வந்து நின்றாள். வியாபாரி மகன் மதிலில் ஏறினான். சத்தியபாய் மறுபடியும் நிறுத்தினாள்.

"அவன் அவளைக் கெட்டினவனா?"

"ஆமா."

"கெட்டினவன் எதுக்கு மதில் ஏறணும்? வாசல் இல்லியா?"

பதிலை டீக்கனார் சொன்னார். "மாமனாருக்கும் மருமவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லேன்னா மதிலுதான் வழி. எனக்குத் தெரியும்." டீக்கனாரின் மாமனாரை ஊருக்கே தெரியுமாதலால் கமிட்டி அதை ஒப்புக்கொண்டது. மாடத்தில் இருவரும் கிண்ணத்தில் குடிப்பது மது இல்லை, பதநீர் என்றும் முடிவாயிற்று.

அது மேடமாசம், சித்திரை வெயில். சாத்திய அறைக்குள் நாலு பேரின் மூச்சு. நாலாவது சுருளில் பட்டாளம் வந்து தூதனைச் சுற்றி வளைத்தபோது உபதேசியாரின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. டீக்கனார் அதற்குமேல் தாங்காமல் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். வெயில் உள்ளே பாய்ந்தது. பொன்னுலிங்கம் கையைத் தூக்கியபடி, சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுபோனார்.

"கொள்ளாம்" என்றார் உபதேசியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "மீதியும் இதுபோலத்தானே?"

"ஆமா" என்றார் பொன்னுலிங்கம்.

இந்த ஒரு ஆமாவில்தான் எல்லாம் வந்து விழுந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து மணலில் உட்கார்ந்தார்கள். பெண்பிள்ளைகள் பக்கம் ஓலைத் தட்டி மறைப்பு. கமிட்டியாருக்குக் கடைசி வரிசையில் நாற்காலி. தாய்மார் வந்தார்கள், தகப்பன்மார் வந்தார்கள். நாராயணபெருமாள் வாசலில் நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார். விளக்கு அணைந்தது.

முதல் சுருளிலேயே கொட்டகை பொன்னுலிங்கத்தின் கைக்குள் வந்துவிட்டது. ஓலையில் பொதிந்த கருப்பட்டி கடலில் மிதந்தது. டீக்கனார் திருப்தியாகத் தலையசைத்துவிட்டுத் தூங்கிப்போனார். ஜாடியைத் திறந்து தூதன் எழுந்தபோது பிள்ளைகள் மூச்சை இழுத்த சத்தம் சந்தைவரை கேட்டிருக்கும். "குடுமி வச்ச தூதன்!" என்று ஒரு பையன் கத்தினான். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்தியபாய் பெண்பிள்ளைகள் பக்கத்தில் அவர்களை அடக்கியபடியே படத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது சுருள் ஓடத் தொடங்கியபோதுதான் பொன்னுலிங்கத்துக்கு மீதிக் கதை நினைவுக்கு வந்தது. படத்தில் அந்தப் பெரியவன் கடைசியில் கெட்டவனாகிவிடுவான். ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு போவான். அவள் தந்திரமாக ஒரு தாலாட்டுப் பாடுவாள். பாட்டுக்கு அவன் தூங்குவான். தூங்கத் தூங்கச் சிறுத்துக்கொண்டே போய் விரல் உயரம் ஆவான். வியாபாரி மகன் அவனை இரண்டு விரலால் எடுத்து ஜாடிக்குள் போட்டு மெழுகு வைத்து அடைத்துக் கடலில் எறிவான். மாடனாக இருந்தவரை இதில் ஒரு தொந்தரவும் இல்லை. தூதனை எப்படி அடைப்பது?

படம் நிற்காது. இயந்திரக்காரன் சுற்றிக்கொண்டே இருந்தான். "ராஜா மகளைத் தூதன் பத்திரமான இடத்துக்குக் கொண்டு போறான்" என்றார் பொன்னுலிங்கம். "இவ்வளவு வேலை செஞ்சதுல தூதனுக்கு அசதி. மக ஒரு பாட்டுப் பாடுதா. தூதன் ஒறங்குதான். ஒறங்கினா தூதன்மாரு சிறுத்துப் போவும்." அதுவரை சரியாகத்தான் போயிற்று. ஜாடியை எடுத்துக் கடலில் எறிந்த இடத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு அழுகை கிளம்பியது. உபதேசியாரின் கடைசி மகள் ஜெயபாய்.

"தூதனைக் கடல்ல எறிஞ்சாச்சே! முங்கிப் போவாரே!"

ஒன்று அழுதால் பத்து அழும். கொட்டகை முழுக்க அழுகையாயிற்று. பொன்னுலிங்கத்துக்குப் பிள்ளைகள் அழுவது பொறுக்காது. குழலைத் தாழ்த்தி நைசாகச் சொன்னார்: "அழாத மக்கா. தூதன் முங்க மாட்டாரு. ஜாடிக்குள்ள ஒறங்கிக்கிட்டே போய் ஏதாவது நல்ல வீட்டுப் பானையில பைய ஏறி இருந்துக்கிடுவாரு."

"எங்க வீட்டுப் பானையிலயா?" என்றாள் ஜெயபாய்.

"ஆமா."

"எங்க வீட்டுலயும் உண்டுமா?" என்று பத்துக் குரல்கள்.

"ஆமா, ஆமா."

பின்னால் உட்கார்ந்திருந்த உபதேசியார் அதைக் கேட்டார். நல்ல முடிவு, பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

அதற்கு அடுத்த வாரம் முழுக்கப் படம் ஓடியது. வந்த பிள்ளைகளே மறுபடியும் வந்தார்கள். நாராயணபெருமாள் பொன்னுலிங்கத்துக்குப் புதுத் துண்டு ஒன்று வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆராதனை முடிந்து பிடியரிசி கொட்டுகிற நேரத்தில் பெண்கள் எழுந்து வந்தார்கள். முடிச்சுகள் சின்னதாக இருந்தன. சிலர் கையில் முடிச்சே இல்லை. பெட்டியின் அடி தெரிந்தது. அடியைப் பார்த்த உபதேசியாரின் முகம் பார்க்கும்படி இல்லை.

"என்ன விசேஷம்? அறுப்பு மோசமா?" என்று கேட்டார்.

"அறுப்புக்கு என்ன?" என்றாள் முன்னால் நின்ற முத்துக்கனி. "பிள்ளையளு விடமாட்டேங்குது. பிடியரிசிப் பானைக்கிட்டப் போனா மக அலறுதா. தூதன் தலையில அரிசி விழுமாம். ஒறங்குதாராம்."

"பிடியரிசிப் பானையிலயா?"

"ஆண்டவருக்குள்ள பானை அதுதானே உபதேசியாரே. பொறவு மீன் சட்டியிலயா இருப்பாரு?"

இன்னொருத்தி, தன் மகன் பானையின் வாயைத் துணியால் மூடித் தொட்டிலைப் போல ஆட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். வேறொரு வீட்டில் தூதனுக்கு வேர்க்கும் என்று பானையில் இருந்த அரிசியை வெளியே கொட்டி ஓலை விசிறி உள்ளே வைத்திருந்தார்களாம். உபதேசியார் வீட்டுக்கு வந்தார். அடுக்களையில் ஜெயபாய் பானைக்கு முன்னால் உட்கார்ந்து உதட்டில் விரலை வைத்து "ஸ்ஸ்" என்றாள்.

கமிட்டி மறுபடியும் கூடியது. இந்தத் தடவை ஜன்னலைச் சாத்தவில்லை. பொன்னுலிங்கம் பேச வேண்டிய தேவை இருக்கவில்லை.

"தூதனைப் பானையில ஆரு அடைக்கச் சொன்னா?" என்றார் உபதேசியார். "மீதியும் அதுபோலத்தான்னு சொன்னீரே!"

"ஆமா."

"நம்ம மேலயும் உண்டு" என்றாள் சத்தியபாய். "வேர்க்குதுன்னு பாதியில எழும்பினோம். தூதனை வச்சதுதான் பெசகு. அடைக்க வேண்டியவனை நல்லவன்னு சொல்லிப்போட்டோம். கெட்டவனாட்டு இருந்தா பிள்ளையளு அடைச்சாச்சுன்னு சந்தோசமா எழும்பிப் போயிருக்கும்."

"அப்பம் என்ன செய்யது?" என்றார் டீக்கனார்.

சத்தியபாய் சொல்ல விரும்பவில்லை. உபதேசியாரும் விரும்பவில்லை. ஆனால் அவர் வீட்டு உலைக்கு அன்று மரச்சீனிக் கிழங்குதான் வந்திருந்தது. "பழையபடி அந்தக் கடல்... அவரையே திருப்பி வையும்" என்றார். கல்லுவிளைச் சபை ஒரு மாடனைக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. "சனிக்கிழமை பிள்ளையளை மறுபடியும் கூட்டிட்டு வருவோம். மாடனை அடைச்சாச்சுன்னு அழுத்திச் சொல்லும். பானையில ஒண்ணும் இல்லேன்னு சொல்லும். அது சரியானா படம் இருக்கட்டும். சரியாகல்லேன்னா பிள்ளையளை இனி அனுப்ப மாட்டோம்."

"ஆமா" என்றார் பொன்னுலிங்கம். வெளியே காத்திருந்த நாராயணபெருமாளும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு மச்சினன் குமாரதாஸ் நின்றான். முந்தின நாளே கொளச்சலிலிருந்து வந்துவிட்டானாம்.

சனிக்கிழமை விளக்கு அணைந்தது. ஜாடி திறந்தது. பொன்னுலிங்கம் குழலை எடுத்து, முடிந்தவரை கொடூரமான குரலில், "வந்தான் பாரு கடல் மாடன்! பொல்லாதவன்!" என்றார்.

பிள்ளைகள் திரையை உற்றுப் பார்த்தார்கள். பிறகு முன்வரிசையில் ஒரு குரல்: "இல்ல. தூதனாக்கும்."

"மாடன்" என்றார் பொன்னுலிங்கம்.

"தூதன்! தூதன்!" என்று எல்லாப் பிள்ளைகளும் கத்தினார்கள். டீக்கனார் திடுக்கிட்டு விழித்துக்கொண்டார். ஜெயபாய் எழுந்து நின்றாள். வெளிச்சக் கற்றையில் அவள் தலையின் நிழல் திரையில் மாடனின் வயிற்றில் விழுந்தது.

"மாமா, நீரு அண்ணைக்குக் கள்ளம் சொன்னீரா, இப்பம் கள்ளம் சொல்லுதீரா?"

படம் ஓடிக்கொண்டிருந்தது. பொன்னுலிங்கத்துக்கு ஆமா என்று சொல்ல வாய் எழும்பியது. எதற்கு ஆமா? அன்றைக்குக் கள்ளம் என்றால் கமிட்டி சொல்லித்தந்த கள்ளம் அது. உபதேசியார் தன் மகளுக்கு முன்னால் தலைகுனிய வேண்டும், அதோடு கொட்டகை போகும். இன்றைக்குக் கள்ளம் என்றால் பானை திறக்காது, அப்போதும் கொட்டகை போகும். எந்தப் பக்கம் தலையாட்டினாலும் குழல் குமாரதாஸ் கைக்குப் போய்விடும். அவன் வாசல் பக்கத்தில் நின்று கடலை தின்றுகொண்டிருந்தான்.

"சொல்லும் மாமா. அண்ணைக்குக் கள்ளமா?"

"இல்ல."

"அப்பம் இப்பம் கள்ளமா?"

"இல்ல" என்றார் பொன்னுலிங்கம். தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நாகம்மை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பொறவு?"

"எனக்குத் தெரியாது மக்கா. படத்துல அவன் பேரு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்களே பாத்துச் சொல்லுங்கோ, அவன் ஆருன்னு." சொல்லிவிட்டுக் குழலை மணலில் வைத்தார். அதை எடுக்க இனி வேறொரு ஆள் வருவான் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

பிள்ளைகள் திரையைப் பார்த்தார்கள். பெரியவன் மதிலைப் பெயர்த்தான். ஒரு பையன், "எலே, தூதன்னா மதிலை ஏன் இடிக்கணும்? மேல பறந்தா போதாதா?" என்றான். இதுவரை யாரும் இதை யோசிக்கவில்லை. "மாடன்னா ஆடு கேப்பான். இவன் ஒண்ணும் கேக்கல்லியே" என்றான் சந்தைப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு பையன். அதுவும் நியாயமாக இருந்தது. தூதனும் இல்லை, மாடனும் இல்லை. அப்படியென்றால் யார்? பெரியவன் திரும்பினான். கிட்டத்தில் முகம் தெரிந்தது. பெரிய உடம்பு, பெரிய மீசை.

"ஏட்டி," என்றது தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல், "இது நம்ம டீக்கனாராக்கும்!"

எல்லாப் பிள்ளைகளும் திரும்பி நாற்காலியில் இருந்த டீக்கனார் ராஜையனைப் பார்த்தார்கள். மறுபடியும் திரையைப் பார்த்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லை. தாய்மார் முந்தானையால் வாயை மூடினார்கள். தகப்பன்மார் மூடவில்லை.

அதற்குப் பிறகு கதையைப் பிள்ளைகளே சொன்னார்கள். டீக்கனார் கடலைத் தாண்டிப் பறந்தார். கருப்பட்டிக்கு விலை கேட்ட பட்டாளத்தை ஊதித் தள்ளினார். மாமனார் வீட்டு மதிலைப் பெயர்த்தார். மதில் விழுந்ததும் நாற்காலியிலிருந்து "சபாஷ்" என்று ஒரு சத்தம் வந்தது. அது டீக்கனார் சத்தம்தான். ராஜகுமாரி பாடினாள். டீக்கனார் தூங்கினார். சிறுத்தார். ஜாடிக்குள் போனார். கடலில் விழுந்தார்.

ஜெயபாய் மறுபடியும் எழுந்தாள். உபதேசியார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அப்பம் நம்ம வீட்டுப் பானையில ஆரு?" என்று ஒரு பையன் கேட்டான்.

ஜெயபாய் திரும்பி டீக்கனாரை நன்றாகப் பார்த்தாள். "ஒருத்தரும் இல்ல. டீக்கனாரு இஞ்சதானே இருக்காரு" என்றாள்.

மறுநாள் பிடியரிசிப் பெட்டி நிறைந்தது. கமிட்டி கூடித் தன் முடிவைச் சொன்னது: படம் பிள்ளைகளுக்கு உகந்தது, எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் பெரியவர்கள் யாரும் அதற்கு விளக்கம் சொல்லக் கூடாது. கடைசி வரியைச் சேர்த்தது சத்தியபாய். மூன்று பேரும் சம்மதித்தார்கள். டீக்கனார் மீசையைத் தடவிக்கொண்டு சம்மதித்தார்.

முடிவைக் கேட்டதும் நாராயணபெருமாள் பொன்னுலிங்கத்தைக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. யோசித்துத்தான் சொன்னார். "பிள்ளையளே கதை சொல்லிக்கிடும்னா உமக்கு எதுக்கு வேய் சம்பளம்? பெரியவங்க காட்சிக்குக் குமாரதாஸ் இருக்கான். அவன் எழுத்தையும் படிச்சுச் சொல்லுவான்."

"ஆமா" என்றார் பொன்னுலிங்கம்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்தது. குமாரதாஸ் குழலோடு ஒரு ஓரமாக நின்றான். விளக்கம் சொல்லக் கூடாது என்பது அவனுக்கும் சொல்லப்பட்டிருந்தது. ஒழுங்கை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"கப்பல் வருகு" என்றது ஒரு பிள்ளை.

யாரும் பதில் சொல்லவில்லை.

"கப்பல் ஒடைஞ்சு போச்சு" என்றது இன்னொன்று. கொட்டகை சும்மா இருந்தது. பிள்ளைகள் குமாரதாஸைப் பார்த்தார்கள். "அண்ணே, ஆமா சொல்லும்" என்றாள் ஜெயபாய்.

"எதுக்கு?"

"நாங்க சொல்லுதோமில்லா. நீரு ஆமா சொல்லணும். அப்பம்தான் அடுத்தது வரும்."

"கப்பல் ஒடைஞ்சது எனக்கே தெரியுது. சத்தம் போடாம இரு" என்றான் குமாரதாஸ்.

ஜாடி திறந்தது. "டீக்கனாரு வந்தாச்சு" என்றாள் ஜெயபாய், சந்தேகத்தோடு. "டீக்கனாராவது ஒண்ணாவது. எழுத்துல வேற பேருல்லா போட்டிருக்கு" என்றான் குமாரதாஸ்.

மூன்றாவது சுருளில் முன்வரிசை எழுந்து வெளியே போனது. பிறகு அடுத்த வரிசை. வாசலுக்கு வெளியே கடலைக்காரியின் விளக்கடியில் பொன்னுலிங்கம் நின்றிருந்தார். அவருக்கு வேறு போக்கிடம் தோன்றவில்லை. பிள்ளைகள் அவரைச் சுற்றி மணலில் உட்கார்ந்தார்கள். விளக்கைப் பார்த்துவிட்டு ஜெயபாய் அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தி வைக்கும்படி கடலைக்காரியிடம் சொன்னாள். கடலைக்காரி நகர்த்தினாள்.

"மாமா, கப்பல் ஒடைஞ்சு போச்சு."

"ஆமா" என்றார் பொன்னுலிங்கம். அதை அவர் சொன்ன தோரணையில், கப்பல் அப்போதுதான் உண்மையாகவே உடைந்தது.

"கருப்பட்டி எல்லாம் கடல்ல போச்சு."

"ஆமா, ஆமா."

நாராயணபெருமாள் வெளியே வந்து பார்த்தார். உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, திரையில் மதில் விழுந்துகொண்டிருந்தது, அதைப் பார்க்கக் குமாரதாஸ் மட்டும் இருந்தான். கொட்டகைக் கூட்டம் முழுக்க மணலில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தது. தாய்மாரும் கமிட்டியாரும் வந்து பின்னால் நின்றுவிட்டார்கள். நாராயணபெருமாள் உள்ளே போனார். படத்தை நிறுத்தச் சொன்னார். மச்சினன் கையிலிருந்த குழலை வாங்கிக்கொண்டு வந்து பொன்னுலிங்கத்திடம் நீட்டினார்.

"இது விளக்கம் சொல்லுததுல வருமா?" என்று பின்னால் நின்ற சத்தியபாயிடம் கேட்டார்.

சத்தியபாய் யோசித்தாள். "ஆமா மட்டும்தானே? அது விளக்கம் இல்ல."

எல்லோரும் உள்ளே போனார்கள். முதலிலிருந்து படம் தொடங்கியது. ஜாடி திறந்தது. பெரிய உடம்பும் பெரிய மீசையுமாக அவர் எழுந்து நின்றார்.

"மாமா, இது நம்ம டீக்கனாராக்கும்" என்றாள் ஜெயபாய்.

பொன்னுலிங்கம் குழலைத் தூக்கினார். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசை நாற்காலியிலிருந்து ஒரு கனத்த குரல் முந்திக்கொண்டது.

"ஆமா."